காமன் பூலில் இருக்கும் பிள்ளைகள்

அன்புள்ள அம்மிணி,

அவிநாசி வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராகச் சேர்ந்ததில் சந்தோசம். வெளிமாநிலப் பிள்ளைகளையும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளையும் எந்தக் குறுவள மையத்துப் பள்ளிகள் நன்றாகச் சேர்த்துக்கொள்கின்றன என்று கணக்குக் கேட்கிறார்கள் என எழுதியிருந்தாய்.

பள்ளிவாரியாகச் சதவீதம் போட்டுச் சராசரி எடுத்துவிடாதே. ‘அந்த ஸ்கூல்ல இந்தி தெரிஞ்ச டீச்சர் இருக்காங்க’ என்று மற்றவர்கள் கைகாட்ட, ஒடிசா, பீகார் பிள்ளைகள் எல்லாம் ஒரே தொடக்கப் பள்ளியில் குவிந்திருப்பார்கள். சராசரி அழகாக வரும். வருகை குறைவு என்ற பேச்சு மட்டும் அந்தப் பள்ளித் தலைமையாசிரியருக்கு. ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டர், எட்டு வரை 3 கிலோமீட்டர் என்பது நம் மாநில விதி. தொழிலாளர் குடும்பங்கள் இருக்கும் லைன் வீடுகளைச் சுற்றி அந்த வட்டத்தைப் போட்டு, உள்ளே எத்தனை பள்ளி, பிள்ளைகள் எதில் என்று பார்.

போன பிள்ளைகளையும் எண்ணு. பனியன் ஆர்டர் குறைந்தால் பீஸ் ரேட் டெய்லர் கம்பெனி மாறுவார், கூடவே வீடும் மாறும். தெக்கலூரிலிருந்து தீபாவளிக்கு ஊருக்குப் போன குடும்பம் தை கழிந்து சேவூரில் வந்து இறங்கும். பெயரை எமிஸ் இணையப் பதிவேட்டில், பள்ளி விட்டுப்போன பிள்ளைகளின் பட்டியலான காமன் பூலுக்கு அனுப்பியதும் பழைய பள்ளியின் கணக்கு சுத்தம். இன்னொரு பள்ளி எடுக்கும்வரை அந்தப் பிள்ளைக்குப் பொறுப்பாளி யாருமில்லை. இங்கிலாந்தில் பள்ளிகள் தங்கள் வசதிக்காகப் பிள்ளைகளைக் கழற்றிவிடுவதை ‘ஆஃப் ரோலிங்’ என்பார்கள். 2019 முதல் அங்குள்ள பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டின் ஆய்வு விதிகளிலேயே அது இருக்கிறது. இங்கே பனியன் தொழிலே அந்த வேலையைச் செய்துவிடும். பெயர் பூலில் விழுந்த தேதி, எடுத்த தேதி இரண்டையும் குறி. இடைப்பட்ட நாட்கள்தான் குறுவள மையத்துக்கு நீ போடவேண்டிய மார்க்.

‘டி.சி. வரட்டும்’ என்று யாராவது சொன்னால், 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவைக் காட்டு. வயதுச் சான்று கேட்டால் 14ஆம் பிரிவு. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்வது 4ஆம் பிரிவு. நம் அவிநாசிக் கதையில் முதலையுண்ட பாலகன், சுந்தரர் பாடியதும் போன வருசங்களின் வளர்ச்சியோடு கரையேறினான். விட்டுப்போன பாடம் அப்படித் தானாக ஏறிவராது. அதே 4ஆம் பிரிவு சொல்லும் சிறப்புப் பயிற்சி நடந்ததா என்று நோட்டைத் திறந்து பார். ‘வீட்டுவழிப் பயிற்சி’ என்று எழுதியிருக்கும் மாற்றுத்திறனாளிப் பிள்ளையையும் நேரில் போய்ப் பார். பள்ளிக்கு வர முடிகிற பிள்ளையாகவும் இருக்கலாம்.

லைன் வீட்டு வாசலில் தம்பியை இடுப்பில் வைத்து நிற்கிற பத்து வயதுப் பெண், கேட்டால் ‘ஸ்கூல் போறேன்’ என்றுதான் சொல்லும். நேற்றுக் காலையில் பள்ளியில் என்ன சாப்பாடு போட்டார்கள் என்று கேள். தெரிந்துவிடும்.

இந்த மாதக் குறுவள மையக் கூட்டத்தில் தரவரிசை வாசிக்காதே. காமன் பூல் பெயர்களை வாசி. எந்த வீட்டுக்கு எந்தத் தலைமையாசிரியர் போகிறார் என்று எழுதி வாங்கிக்கொண்டு கூட்டத்தை முடி.