சிலாபத்து மேடைக்கு இரண்டு ஆம்ப்

சிலாபத்தில் கலியாண வீடானாலும் நத்தார் கரோலானாலும் கிட்டாரோடு ஒருவர் பைலாவுக்கு எழும்பிவிடுவார். சத்தம் பின்வரிசைக்குக் கேட்காவிட்டால் இன்னொரு ஆம்பை இரவல் வாங்கி இணைப்பார்கள். ஆம்ப் இரண்டானால் சத்தம் இரட்டிப்பாகும் என்று நம்ப வேண்டாம். கூடுவது 3 முதல் 6 டெசிபெல்தான். காதுக்கு இரட்டிப்பாகத் தெரிய ஏறக்குறைய 10 வேண்டும். உண்மையான லாபம், சத்தம் அகலமாகப் பரவுவதுதான்.

முதல் ஆம்பின் ஒரு சேனலில் கிட்டாரையும் மற்றதில் மைக்கையும் செருகுங்கள். பிறகு பின்பக்கத்தைப் பாருங்கள். 'லைன் அவுட்' என்ற துளையிலிருந்துதான் இரண்டாவது ஆம்பின் 'லைன் இன்'னுக்கு வயர் போக வேண்டும். 'ஸ்பீக்கர் அவுட்' பக்கம் போகவே வேண்டாம். பல ஆம்ப்களில் இரண்டுக்கும் ஒரே கால் அங்குல ஜாக் என்பதால் இருட்டில் மாறிப்போகும். ஸ்பீக்கரை ஓட்டும் பலமான மின்சாரம் அடுத்த ஆம்பைப் பொசுக்கிவிடும். லைன் அவுட் இல்லையா? சின்ன மிக்சர் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். என்னைக் கேட்டால், லைன் அவுட் இருந்தாலும் மிக்சரே மேல்.

இனி ஒரு சோதனை. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, கிட்டாரின் ஆகத் தடித்த தந்தியை மீட்டுங்கள். ஒன்றை மட்டும் போட்டபோது இருந்த அடிச்சத்தம் இரண்டையும் போட்டதும் மெலிந்தால், ஒரு ஆம்பின் 'ஃபேஸ்' (phase) பொத்தானை மாற்றிவிடுங்கள்.

பிறகு இரண்டையும் பாடகருக்கு முன்னால், சபையைப் பார்த்தபடி, இடமும் வலமும் வையுங்கள். முதுகுக்குப் பின்னால் வைத்தால் மைக் கீச்சிடும். கிட்டார் மட்டும் தாழ்ந்த குரலில் ஊளையிட்டால் அடிச்சத்தத்தை (bass) குறைத்து, ஒலித்துளையை ரப்பர் மூடியால் அடையுங்கள். ஆம்ப் ஒன்றை 20 மீற்றர் பின்னால் கொண்டுபோக வேண்டாம். ஒலி நொடிக்குச் சுமார் 345 மீற்றர்தான் ஓடும், ஒரு ஆம்புக்குப் பக்கத்தில் இருப்பவருக்குத் தாளம் இரண்டாகக் கேட்கும்.

இரண்டுக்கும் ஒரே பிளக் பலகையிலிருந்து கரண்ட் எடுங்கள். அப்படியும் உறுமினால் 'கிரவுண்ட் லிஃப்ட்' பொத்தானை அழுத்துங்கள். உறுமலை நிறுத்த ஏர்த் வயரைக் கழற்றுவோர் உண்டு; அதைச் செய்யவே வேண்டாம். கையில் இரும்புத் தந்தி, உதட்டில் மைக்கின் வலை, காலடியில் ஈர மணல், வருவதோ 230 வோல்ட். உதடு பட்டதும் சுர்ரென்றால் உடனே மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். ஏர்த் சரியில்லாத இடத்தில் பற்றரி ஆம்போடு பாடுங்கள்; அதுவும் இல்லையென்றால் வெறும் குரலில் பாடுங்கள்.