விரைப் புற்றுநோய்: அறுவைச் சிகிச்சைகளின் எண்ணிக்கை கூறும் உண்மை
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

புற்றுநோய் என்றதும் முதுமைதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் 15 முதல் 40 வயது வரையுள்ள ஆண்களையே மிகுதியாகத் தாக்கும் புற்றுநோய் ஒன்று உண்டு. அதுவே விரைப் புற்றுநோய். இந்நோய்க்கான அறுவைச் சிகிச்சையின் அளவு நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. காரணம் என்ன? விடை காண, அறுவையை இரு வகையாகப் பிரித்துப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது, நோயுற்ற விரையை அகற்றுதல். இது ஏறத்தாழ எல்லா நோயாளிகளுக்கும் செய்யப்படுவது. எனவே இதன் எண்ணிக்கை நோயின் அளவையே காட்டும். டென்மார்க், நார்வே நாடுகளில் ஆண்டுதோறும் லட்சம் ஆண்களில் சுமார் 10 பேருக்கு இந்நோய் வருகிறது. இந்தியாவில் ஒருவருக்கும் குறைவே. டென்மார்க்கில் இது பல பத்தாண்டுகள் தொடர்ந்து பெருகியதை 1943 முதல் பேணப்படும் பதிவேட்டு விவரங்கள் காட்டுகின்றன.

இரண்டாவது, வயிற்றின் பின்புறமுள்ள நிணநீர்க் கணுக்களை அகற்றும் பெரிய அறுவை. இதில் நரம்புகள் சேதமுற்றால் தந்தையாகும் வாய்ப்புக் குன்றும். 1974-இல் அமெரிக்காவின் இண்டியானாப் பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் சிஸ்பிளாட்டின் அடங்கிய கூட்டு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். நாம் அணைவுச் சேர்மமாகப் படிக்கும் அதே பிளாட்டினச் சேர்மந்தான்! பரவிய நோயும் குணமாகத் தொடங்கியது. 1979-இல் லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையில் மைக்கேல் பெக்கம், விரையை அகற்றியபின் நோய் பரவாதிருப்போரை மீண்டும் அறுக்காமல் கண்காணிக்கும் முறையைத் தொடங்கினார். இவர்களில் பெரும்பாலோருக்கு நோய் திரும்புவதில்லை. திரும்பினாலும் மருந்து காக்கிறது. ஆகவே ஐரோப்பாவில் இவ்வறுவை அருகியது. அமெரிக்காவில் நெடுங்காலம் நீடித்து, பின்னர் அங்கும் குறைந்தது.

ஆக, முதல் எண் நோயைப் பற்றியது. இரண்டாம் எண் மருத்துவர்களின் முடிவைப் பற்றியது. இரண்டையும் ஒன்றாகக் கூட்டினால் உண்மை மறைந்துவிடும்.

கூச்சத்தால் மருத்துவரிடம் செல்லாதவனோ இவ்விரு எண்களிலும் இடம்பெற மாட்டான். நம் நாட்டில் நோய் அரிதென்பது தனி ஒருவனுக்குக் காப்பு ஆகாது. சிறுவயதில் விரை கீழிறங்காதிருந்தவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பும் மிகுதி. வலியில்லாத கட்டியோ வீக்கமோ தென்பட்டால் காலம் தாழ்த்தாது மருத்துவரை நாடுங்கள். தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டோர் ஏறக்குறைய அனைவரும் குணமடைகின்றனர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த என் போன்றோர், படிக்க வாய்ப்பில்லாத அண்ணன் தம்பிகளுக்கும் இதை எடுத்துச் சொல்லல் வேண்டும். கற்ற கல்வியின் பயன் அதுவன்றோ!