பள்ளிப் பிள்ளையும் இல்லத்தார் கடமையும்

பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது. இதனை உணர்ந்தே காமராசர் காலத்தில் மதிய உணவும், 1982 ஜூலை 1-இல் சத்துணவும், 2022 செப்டம்பர் 15-இல் காலை உணவும் நம் பள்ளிகளில் தொடங்கப்பெற்றன. எனினும், அன்று நேர்ந்ததைச் சொல்லக் கேட்பாரின்றி ஏங்குவதும் ஒரு பசியே. அதனைத் தீர்க்க வேண்டியது இல்லம்.

முத்தாபுதுப்பேட்டை, ஆவடிச் சுற்றுப்புறங்களில் தாய் தந்தை இருவரும் பணிக்குச் செல்லும் குடும்பங்கள் பல. அவர்களுக்கு ஓய்வு அரிது. ஆயினும் இரவு உணவையேனும் பிள்ளைகளுடன் அமர்ந்து உண்ணலாம். "எத்தனை மதிப்பெண்?" என்று தொடங்காமல், "இன்று யாருடன் விளையாடினாய்?" என வினவலாம். செய்த பிழையைப் பிள்ளை சொல்லின், முழுதும் கேட்டபின் திருத்தலாம். சிறு பிழையை அஞ்சாமல் சொல்லப் பழகிய பிள்ளைக்கே, பின்னர் பெருந்துன்பம் நேர்கையில் பெற்றோரை நாடும் துணிவு வரும்.

உத்ஸவம் ஸேவித்து இல்லம் திரும்பும் அன்பர்கள், பிரஸாதத்துடன் இந்நியமத்தையும் கொண்டு செல்வார்களாக!