முசலிக்குப் போகும் ஆசிரிய ஆலோசகருக்கு

அன்பு மகளுக்கு,

முசலிக் கோட்டத்துக்கு ஆரம்பக் கல்வி ஆசிரிய ஆலோசகராக உன்னைப் போட்டிருக்கிறார்கள் என்று உம்மா கோல் எடுத்துச் சொன்னா. அல்ஹம்துலில்லாஹ். சிலாவத்துறைக்கும் மறிச்சுக்கட்டிக்கும் இடையில் வெயிலில் அலையப்போகிறாய், தொப்பியோ குடையோ மறக்காதே. மற்றதெல்லாம் வேலையைப் பற்றி.

முதல் மாதத்தில் செயலமர்வு எதுவும் வைக்காதே. வேலைத்திட்டம் எங்கே என்று மேலேயிருந்து கேட்பார்கள், பிள்ளைகளின் வாசிப்பைப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று மரியாதையாகச் சொல். தரம் 3 வகுப்பில் பின்வாங்கில் போய் இரு. ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுப் பாடநூலைக் கொடு. சிலர் கடகடவென்று ஒப்புவிப்பார்கள், விரல் பார்த்தால் வேறு வரியில் நிற்கும். வரியின் நடுவில் ஒரு சொல்லை மட்டும் விட்டு மற்றதைக் கையால் மூடிவிட்டுக் கேள். பிறகு 'டூமி', 'கொசை' என்று பொருளே இல்லாத சொற்களைத் துண்டில் எழுதிக் காட்டு. மனப்பாடம் அங்கே செல்லாது. அந்தப் பிள்ளை என்ன சொல்கிறதோ அதை அப்படியே எழுதி வை. 'கொ' என்பதை 'கெகா' என்று வாசித்தால் அதையும் எழுது. அந்தப் பிள்ளைக்கு ஒற்றைக்கொம்பும் தெரியும், அரவும் தெரியும், இரண்டும் சேர்ந்தால் ஒரே ஒலி என்பதை மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இதற்கு 'மெல்லக் கற்பவர்' என்று பட்டம் கட்டத் தேவையில்லை, சில நாள் பயிற்சி போதும்.

இன்னொன்றையும் கவனி. படத்துக்குக் கீழே 'அப்பா' என்றிருக்கும், நம்முடைய பிள்ளை வீட்டில் கூப்பிடுகிறபடி 'வாப்பா' என்று வாசிக்கும். டீச்சர் சிரிப்பார் அல்லது திருத்துவார். அது எழுத்தைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறது. கொண்டச்சியில் இது உடனே பிடிபட்டுவிடும். அரிப்புக்குப் போனால் அங்கே பிள்ளை வீட்டிலும் 'அப்பா' என்றுதான் கூப்பிடும். படத்தைப் பார்த்துச் சொன்னாலும் சரியான விடையாகவே வரும், உனக்குத் தெரியாமலே போய்விடும். அதனால்தான் படமில்லாத துண்டும் பொருளில்லாத சொல்லும் எல்லாப் பாடசாலைக்கும் வேண்டும் என்கிறேன்.

நம்முடைய எழுத்து 247 என்று சுவரில் தொங்கவிட்டுவிட்டால் படிப்பித்த மாதிரி ஆகாது. அரவு (ா), விசிறி (ி) இரண்டும் ஏறக்குறைய எல்லா மெய்யிலும் ஒரே மாதிரி ஒட்டும், பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். கொம்பு வந்தால் கண் முன்னால் பார்ப்பதை வாய் பின்னால் சொல்லவேண்டும். உகரம் அதைவிடச் சங்கடம்: கு, சு, டு, ணு, பு எல்லாவற்றிலும் ஒலி ஒன்று, வடிவம் வேறு வேறு. இந்த இடங்களில்தான் பிள்ளைகள் தரம் 2இல் விழுந்து, தரம் 5 வரைக்கும் எழும்பாமல் கிடக்கிறார்கள். கன்னடப் பிள்ளைகளைப் பற்றி சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது. இந்த வகை எழுத்துகளை முழுதாகப் பிடிக்க முதல் இரண்டு வருடம் போதாது, நான்காம் வகுப்பு வரைக்கும் நீளும். தரம் 1 முடிந்ததும் எழுத்துப் படிப்பிப்பதை நிறுத்திவிடும் டீச்சருக்கு நீ முதலில் சொல்லவேண்டியது இது.

ஒலியையும் எழுத்தையும் ஒழுங்குமுறையாக, வெளிப்படையாகக் கற்பிப்பது, அதிலும் தடுமாறும் பிள்ளைகளுக்கு, உதவுகிறது என்று அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000ஆம் ஆண்டிலேயே பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லிவிட்டது. நம்முடைய டீச்சர்மாருக்கு அமெரிக்காவைக் காட்டாதே, குர்ஆன் மத்ரஸாவைக் காட்டு. எழுத்தோடு குறியைக் கூட்டி உச்சரித்து, அர்த்தம் தெரியாமலே பிள்ளை சரளமாக ஓதுகிறது அல்லவா? அதே பிள்ளைதான் காலையில் தமிழ் வாசிக்க முடியாமல் முழிக்கிறது. மூளையில் குறையில்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? ஆனால் ஓதுவதோடு நிற்பது தமிழில் சரிவராது. 'சென்றனர்', 'மகிழ்ந்தனர்' என்று யார் வீட்டில் பேசுகிறார்கள்? வாசித்ததும் நம்முடைய பேச்சில் திருப்பிச் சொல்லவைக்கவேண்டும், தினமும் ஒரு கதை டீச்சரே வாசித்துக் காட்டவேண்டும்.

இனி டீச்சர்மாரின் பயிற்சி. மண்டபத்தில் கூட்டி, சிலைட் காட்டி, கொத்து ரொட்டி கொடுத்து அனுப்பும் பயிற்சியில் எனக்கு நம்பிக்கை இல்லை. என் அபிப்பிராயம் மட்டும் என்று நினைக்காதே. தென்னாபிரிக்காவின் வட மேற்கு மாகாணத்தில் செட்ஸ்வானா மொழி வாசிப்புக்காக இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பாடத்திட்டமும் புத்தகமும் இரு தரப்புக்கும் ஒன்று. ஒரு தரப்பு ஆசிரியர்களை மையத்துக்கு அழைத்துப் பயிற்றினார்கள், மற்றத் தரப்புக்குப் பயிற்றுநர் வகுப்புக்கே போனார். வகுப்புக்குப் போன இடத்தில் பிள்ளைகளின் முன்னேற்றம் ஏறக்குறைய இரு மடங்கு.

ஆகவே, நீ வகுப்புக்குப் போ. முதலில் நீ படிப்பி, டீச்சர் பார்க்கட்டும். அடுத்த முறை அவர் படிப்பிக்கட்டும், நீ பார். முடிந்ததும் ஒரேயொரு விஷயத்தை மட்டும் பேசு, பத்துக் குறை சொன்னால் ஒன்றும் நடக்காது. பிள்ளைகள் முன்னாலோ அதிபர் முன்னாலோ ஒருநாளும் திருத்தாதே. உன்னைவிட இருபது வயது மூத்த டீச்சர்மார் இருப்பார்கள். அவர்களிடம் குறிப்புப் புத்தகத்தைக் கேட்காமல், வாசிக்க முடியாத பிள்ளையை எனக்குக் காட்டுங்கள் என்று கேள். அதற்குப் பிறகு பேச்சு தானாக நடக்கும்.

அதிபர்மாரோடு ஒரு சண்டை இருக்கிறது, அதைச் சிரித்துக்கொண்டே பிடி. கெட்டிக்கார டீச்சரைப் புலமைப்பரிசில் வகுப்புக்கு வைத்துவிட்டு, புதிதாக வந்தவரைத் தரம் 1க்குத் தள்ளுவார்கள். அது தலைகீழ். கொரோனா மூடலுக்குப் பிறகு நாடு முழுக்கத் தரம் 3 பிள்ளைகளைச் சோதித்தபோது எழுத்தறிவில் குறைந்தபட்சத் தேர்ச்சியைத் தொட்டவர்கள் 34 சதவீதம்தான். இந்தக் கணக்கை அவர்களுக்குச் சொல். முசலிக்கு மட்டும் வந்த வெட்கம் இல்லை என்று தெரிந்தால் அதிபரும் ஒளிக்கமாட்டார்.

முசலிக்கென்று தனியாக ஒரு கஷ்டம் உண்டு, அது உனக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் புலிகள் முஸ்லிம்களைத் துரத்தியபோது ஊரோடு பாடசாலைகளும் காலியாயின. 2009க்குப் பிறகு திரும்பிய குடும்பங்களில் சிலவற்றுக்கு இன்றைக்கும் புத்தளத்திலும் ஒரு வீடு. பிள்ளை பாதி வருடம் அங்கே, பாதி வருடம் இங்கே. விடுகைப் பத்திரத்தில் பெயர், பிறந்த திகதி எல்லாம் இருக்கும், எந்த எழுத்து வரைக்கும் தெரியும் என்பது இருக்காது. அந்தப் பத்திரத்தோடு ஒரு தாளை இணைக்கச் சொல்: தெரிந்த குறிகள், தடுமாறும் குறிகள், வாசித்த கடைசிப் புத்தகம். செலவில்லாத வேலை.

உம்மாமாரைக் குற்றம் சொல்லும் பேச்சு ஆசிரியர் அறையில் வரும். அகதி முகாமில் ஓலைக் கொட்டகையில் படித்தவர்களின் பிள்ளைகள் இவர்கள். வீட்டில் வாசித்துக் காட்டச் சொல்லி எழுதி அனுப்பாதே. பிள்ளை வாசிப்பதை அடுப்படியில் இருந்துகொண்டே கேட்கச் சொல், அது எல்லோராலும் முடியும்.

நோன்பு விடுமுறையில் இந்தப் பக்கம் வருவாய்தானே. தரம் 3 பிள்ளைகள் வாசித்ததை எழுதிய தாள்களைக் கொண்டு வா, பெயரை மறைத்துவிட்டு. யார் எந்தக் குறியில் நிற்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்து, இரண்டாம் தவணைக்கு எந்த வகுப்பில் தொடங்குவது என்று முடிவெடுப்போம்.

வஸ்ஸலாம்.

மாமா
புத்தளம்