அறமும் ஆதாயமும்

கேள்வி: சமூகப் பொறுப்புக்கென்று செலவிடும் உணவு நிறுவனங்களுக்கு அதனால் லாபம் பெருகுமா?

பதில்: பெருகும் என்று பொதுவிதி வகுப்பதற்கில்லை; லாபம் மிகுந்த நிறுவனமே தாராளமாகச் செலவிடும் சக்தி பெற்றிருப்பதால், எது காரணம், எது காரியம் என்று பிரித்தறிவது மிகவும் கடினம்.

இங்கிலாந்தின் காட்பரி சகோதரர்கள், 1879-ஆம் ஆண்டில் தங்கள் சாக்லேட் ஆலையைப் பர்மிங்ஹாம் நகர நெருக்கடியிலிருந்து போர்ன்வில் என்னும் திறந்தவெளிக்கு மாற்றி, தொழிலாளர்க்கு விளையாட்டு மைதானங்களும், பின்னர் தோட்டத்தோடு கூடிய வீடுகள் நிறைந்த கிராமம் ஒன்றும் அமைத்தபோது, அச்செலவு வியாபாரத்தை முடக்கிவிடவில்லை; 1905-இல் அறிமுகமான டெய்ரி மில்க் நாளடைவில் அந்நிறுவனத்தின் தலைசிறந்த சரக்காயிற்று.

ஆனால் அவர்கள் கோகோ வாங்கிய அன்று போர்த்துகீசிய ஆட்சியிலிருந்த சாவோ தோமே தீவில் மனிதர்கள் அடிமைகளாக வதைபடும் செய்தி 1901-லேயே எட்டியிருந்தும், கொள்முதலை நிறுத்த 1909 வரை தாமதித்தார்கள். என் மனத்தை மிகவும் வருத்துவது இந்தத் தாமதமே. அதைக் கண்டித்த பத்திரிகையின் மீது தொடுத்த அவதூறு வழக்கில் ஜெயித்தும், ஜூரர்கள் அளித்த நஷ்டஈடு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி மாத்திரமே. ஆகவே, நன்கொடைப் பட்டியலைக் காட்டிலும் கொள்முதல் கணக்கையே நான் முதலில் பார்ப்பேன். சாவோ தோமேயை விட்டதால் அவர்கள் ஆலை நின்றுவிடவுமில்லை. கோகோவுக்காக அவர்கள் அடுத்து நாடிச் சென்ற கோல்டு கோஸ்ட் (இன்றைய கானா), சிறு குடியானவர்களின் உழைப்பால், 1911-இல் கோகோ உற்பத்தியில் உலகின் முதலிடத்தை எய்திற்று.