எருக்கஞ்செடியில் தொடங்குங்கள்

ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐனுக்கு வேலைக்கு வரும் நம் பிள்ளைகள் பலர் முதல் ஆண்டிலேயே நல்ல கேமரா ஒன்று வாங்கிவிடுகிறார்கள். ஹஃபீத் மலை மேலிருந்து ஊரின் விளக்குகளை எடுக்கிறார்கள். பிறகு ஒட்டகம், மணல்மேடு. அதற்குமேல் இங்கே எடுக்க ஒன்றுமில்லை என்று கேமரா அலமாரிக்குப் போய்விடுகிறது. பூவையும் பூச்சியையும் கிட்டப் போய்ப் படமெடுக்க இந்த ஊர் எவ்வளவு தோதானது என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. நெடுங்காலமாக இந்த மண்ணில் குனிந்தும் படுத்தும் படமெடுத்தவன் என்ற உரிமையில் சில விஷயங்களைச் சொல்கிறேன்.

1. எருக்கஞ்செடியில் தொடங்குங்கள். புதிதாகக் கட்டும் வீடுகளுக்குப் பக்கத்து மனையில், சாலையோரத்தில், வாதி எனப்படும் வறண்ட ஆற்றுப்படுகைகளின் சரளைக் கற்களுக்கு நடுவில் என்று எங்கும் நிற்கிறது. பிள்ளையாருக்கு மாலை கட்டிய கைகளுக்கு இதை அடையாளம் காட்ட வேண்டியதில்லை. ஆனால் இனம் வேறு. நம் ஊர் எருக்கின் இதழ்கள் விரிந்து பின்னால் மடங்கும். இங்குள்ளதன் இதழ்கள் நிமிர்ந்தே நிற்கும். வெள்ளை இதழின் நுனியில் மட்டும் ஊதா. இந்த வேறுபாட்டைக் காட்டும் ஒரு படத்தை எடுப்பதே உங்கள் முதல் பயிற்சியாக இருக்கட்டும்.

அடுத்து அந்தச் செடியில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். இலையின் அடியில் ஒற்றையாக ஒட்டியிருக்கும் வெளிர் முட்டை வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியினுடையது. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளும் மூன்று இணைக் கரிய கொம்புகளுமாக இலையைத் தின்பது அதன் புழு. தளிரில் அப்பியிருப்பது மஞ்சள் அசுவினி. அதைத் தேடிப் பொறிவண்டு வரும். மஞ்சளும் கறுப்புமாகக் கொழுத்த எருக்கு வெட்டுக்கிளி இருக்கும். பூவுக்குத் தச்சுத்தேனீ வரும். எருக்கின் மகரந்தம் தூளாக உதிராது; இரண்டு சிறு பைகளாகக் கோத்துப் பூச்சியின் காலில் கவ்விக்கொள்ளும். தேனீயின் காலில் அந்தப் பை தொங்குவதைத் தெளிவாகப் படம் பிடித்துவிட்டால், இந்தக் கலையில் பாதி தூரம் வந்துவிட்டீர்கள்.

வெந்தய வரியனை முதல் பாடமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எருக்கின் நஞ்சைப் புழுப் பருவத்திலேயே உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைப் பெரும்பாலும் தொடுவதில்லை. அதனால் அதற்கு அவசரமும் இல்லை. மெதுவாகப் பறக்கும், பூவில் நின்று தேன் குடிக்கும். அதனிடம் நெருங்கிப் பழகிய பிறகு மற்றவற்றிடம் போங்கள்.

2. எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது. கண்ணைக் கடுமையாகப் புண்ணாக்கும். இலையைப் புரட்டிய விரலோடு வியூஃபைண்டரைத் தொட்டு, அதில் கண்ணை வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பையில் தண்ணீரும் துணியும் எப்போதும் இருக்கட்டும்.

3. கருவிக்காகக் காத்திருக்க வேண்டாம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் நம் நாட்டின் பெரிய இயற்கையியலாளர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களை ஒட்டுப்போட்டுத் தானே ஒன்றை உருவாக்கி, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்துக் காட்டு யானைகளைப் படமெடுத்தார். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் லென்சுக்குப் பின்னால் எக்ஸ்டென்ஷன் டியூப் போட்டாலே கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும். கைப்பேசியில் மாட்டும் சிறு லென்சும் தொடக்கத்துக்குப் போதும். பூச்சிக்கு மிக அருகில் போக வேண்டும், அவ்வளவுதான். பணம் சேர்ந்த பிறகு 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் வாங்குங்கள். 50, 60 வேண்டாம். பூச்சியின் உருவம் சென்சாரில் அதன் உண்மை அளவிலேயே விழும்படி எடுக்கும்போதும் 100 உங்களைச் சற்றுத் தள்ளி நிற்கவிடும். கூச்சமுள்ள பூச்சிக்கு அந்த இடைவெளி தேவை.

4. உங்களுக்குக் கிடைப்பது ஒரு மில்லிமீட்டர். உண்மை அளவுக்கு நெருங்கி எஃப் 8 வைத்தால், முழு ஃபிரேம் கேமராவில் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய அவ்வளவுதான், ஒரு ஏ.டி.எம். அட்டையின் தடிமன். புதியவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். ஆழம் வேண்டும் என்று எஃப் 22க்குப் போனால் ஒளி சிதறிப் படம் முழுவதுமே மழுங்கும். எஃப் 8க்கும் 11க்கும் நடுவில் நில்லுங்கள். ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, உடம்பை மட்டும் முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, கண் தெளியும் நொடியில் அழுத்துங்கள். பூச்சியின் கண் தெளிவாக இருந்தால் மற்றது மங்கினாலும் படம் நிற்கும். வண்ணத்துப்பூச்சி சிறகை மூடி உட்கார்ந்திருந்தால் சிறகின் தளத்துக்கு நேர் இணையாக லென்ஸைப் பிடியுங்கள். அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் சிறகு முழுவதும் அடங்கிவிடும். பல படங்களை அடுக்கிச் சேர்க்கும் ஸ்டாக்கிங் முறையை இரண்டாம் ஆண்டில் கற்றுக்கொள்ளலாம்.

5. இங்கத்திய வெயிலை நம்பாதீர்கள். காலை ஒன்பது தாண்டினால் பூவின் ஒரு பக்கம் வெளுத்து, மறுபக்கம் இருண்டுவிடும். லபன் எனப்படும் மோர் வரும் வெள்ளை பாட்டிலை வெட்டி ஃபிளாஷுக்கு முன்னால் மாட்டினால் ஒளி மிருதுவாகப் பரவும். கடையில் விற்கும் டிஃப்யூசருக்கு அது குறைந்ததல்ல. பொறிவண்டு போலப் பளபளக்கும் முதுகில் வித்தியாசம் உடனே தெரியும்.

6. பருவம் நவம்பரிலிருந்து மார்ச் வரை. ஜனவரி விடியலில் வெப்பம் 12 டிகிரி வரை இறங்கும். குளிரில் பூச்சிக்குப் பறக்கத் தெம்பு இருக்காது. வெயில் ஏறி உடம்பு சூடாகும்வரை இருந்த இடத்திலேயே இருக்கும். சில நாள் பனித்துளியும் சேரும். ஆகவே லீவு நாளில் தூங்கிவிட்டுப் பத்து மணிக்குக் கிளம்புவதில் பயனில்லை, விடியும்போது செடிக்கு அருகில் இருங்கள். மழை பெய்தால் அடுத்த சில வாரங்கள் வெளியே நடங்கள். வெறும் மணலில் நெருஞ்சி மஞ்சளாகப் பூத்திருக்கும். கோடை முடிந்ததும் இங்கே சித்ர் எனப்படும் இலந்தை பூக்கும். பச்சையும் மஞ்சளுமான அந்தச் சின்னஞ்சிறு பூவில் எறும்பும் ஈயும் குளவியும், நகம் அளவேயான நீல வண்ணத்துப்பூச்சிகளும் கூடும். 2008இல் இந்நாட்டின் தேசிய மரமாக அறிவித்த காஃப் வேறெதுவுமல்ல, நம் கோயில்களில் சுற்றி வந்து கும்பிடும் வன்னிதான். அதன் கதிர் போன்ற பூவையும் விட்டுவிடாதீர்கள்.

7. ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஆவி படியும். அரை மணி நேரம் பையைத் திறக்காமல் வெளியே வைத்திருங்கள். மணல் ஒட்டினால் துடைக்கக் கூடாது, முதலில் ஊதுங்கள். கோடையில் கேமராவைக் காரில் விட்டுப் போகவே கூடாது.

8. பேரீச்சைச் சோலையில் அடக்கமாக நடங்கள். அல் ஐன் சோலையில் 1,47,000க்கும் மேற்பட்ட பேரீச்சை மரங்கள் இருக்கின்றன. 2011இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடங்களில் இதுவும் ஒன்று. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது பூங்கா அல்ல, ஒவ்வொருவரின் தோட்டம். பொதுப்பாதையில் நின்றே எடுக்க நிறைய இருக்கிறது. ஃபலஜ் வாய்க்காலில் தண்ணீர் ஓடும் நாளில் ஓரத்தில் தும்பியும் ஊசித்தட்டானும் உட்காரும். சுவர்ப் பூச்சின் நிறமே பின்னணியாக அமைந்துவிடும். தோட்டத்தில் வேலை செய்பவர்களிடம் சலாம் சொல்லிப் பேசுங்கள். சிவப்புக் கூன்வண்டு எந்த மரத்தைத் துளைத்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். நம் தென்னையைத் தின்னும் அதே வண்டு 1980களில் இந்நாட்டுக்குள் வந்து பேரீச்சையைப் பிடித்துக்கொண்டது. அதன் வளைந்த மூக்கைப் பெரிதாக எடுத்துக் காட்டும் படம் விவசாயிக்கும் உதவும்.

9. மனிதர்கள் உங்கள் படத்தில் வர வேண்டாம். அனுமதியில்லாமல் ஒருவரைப் படமெடுப்பது இந்த நாட்டில் சட்டப்படி குற்றம். குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும் பூங்காவில் லென்ஸைத் தரையை நோக்கியே வைத்திருங்கள். யாராவது கேட்டால் எடுத்த படங்களைக் காட்டுங்கள். ஓமானின் புரைமி ஊரை ஒட்டிய எல்லை வேலி, அரண்மனைச் சுவர், ராணுவ இடம் பக்கம் எவ்வளவு அழகான பூ பூத்திருந்தாலும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள்.

10. இது எனக்கு மிக முக்கியமானது. பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து மரக்கவைத்துப் படமெடுக்கும் வழக்கம் இருக்கிறது. பசை போட்டு ஒட்டுகிறவர்களும் உண்டு. என் பேச்சைக் கேட்பவர் எவரும் அதைச் செய்யக் கூடாது. மறைத்த கிளையை ஒடிக்காதீர்கள், கயிற்றால் ஓரமாக இழுத்துக் கட்டி, பிறகு அவிழ்த்துவிடுங்கள். மழைக்குப் பின் முளைத்த செடிக்கு விதை போடச் சில வாரங்களே இருக்கின்றன. நீங்கள் படுத்து நசுக்கினால் அடுத்த மழைக்கு அந்த இடத்தில் முளைக்க ஒன்றும் இருக்காது. புழு இருக்கும் செடியை நாலு பேருக்குக் காட்டுங்கள், நாற்பது பேர் உள்ள வாட்ஸ்ஆப் குழுவில் இடத்தைப் போடாதீர்கள்.

11. படுக்கும் முன் தரையைப் பாருங்கள். சுருட்டை விரியன் இங்கும் உண்டு. கொம்பு விரியன் மணலுக்குள் புதைந்து கண்ணை மட்டும் வெளியே வைத்திருக்கும். கல்லைக் கையால் புரட்டக் கூடாது. இரவில் புற ஊதா டார்ச் அடித்தால் தேள் பச்சையாக ஒளிரும், பார்க்க அற்புதமாக இருக்கும். ஆனால் ஆளைக் கொல்லக்கூடிய தேள் இனம் இந்நாட்டில் இருக்கிறது. மூடிய ஷூ போட்டு, துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள்.

12. ஒவ்வொரு படத்தோடும் தேதி, இடம், பூச்சி உட்கார்ந்திருந்த செடி ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள். செடி தெரிந்தால் பூச்சியின் பெயரைக் கண்டுபிடிப்பது பாதி எளிது. எமிரேட்ஸ் நேச்சுரல் ஹிஸ்டரி குரூப்புக்கு அல் ஐனிலும் கிளை இருக்கிறது. அனுபவசாலிகள் வருகிறார்கள், புதியவர்களிடம் பொறுமையாகப் பேசுவார்கள். இந்நாட்டுப் பூச்சிகளைப் பற்றி 2008 முதல் பல தொகுதிகளாக வந்த ஆங்கில நூல் வரிசையும் உண்டு. அதைப் புரட்டும்போது உங்கள் படத்தில் இருப்பது எந்தப் பக்கத்திலும் அகப்படவில்லை என்றால் படத்தை அழித்துவிடாதீர்கள். அதே செடிக்கு மறுபடி போய், முதுகு, பக்கவாட்டு, முகம், கால் என்று நான்கு கோணத்திலும் எடுத்துக் குழுவில் இருப்பவர்களிடம் கொடுங்கள்.