அறிவுரை வேறு, சிகிச்சை வேறு

அன்புள்ள தமிழினி,

மனசுவிட்டுப் பேச அம்மாவும் தோழிகளும் இருக்கும்போது, முன்பின் தெரியாத ஒருவரிடம் போய் ஏன் பேச வேண்டும் என்று கேட்டிருந்தாய். நம் இராஜபாளையத்தில் பலருக்கும் உள்ள கேள்விதான். வீட்டார் ஆறுதல் சொல்வார்கள், புத்தி சொல்வார்கள், ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஆண்டாளைச் சேவித்துவிட்டு வா என்பார்கள். அந்த அன்பு அவசியம்தான். ஆனால் பேச்சு சிகிச்சை என்பது ஆறுதலும் அல்ல, அறிவுரையும் அல்ல. பயிற்சி பெற்றவரின் துணையோடு, குறிப்பிட்ட முறைப்படி, நோயாளி தாமே செய்யும் வேலை அது. அப்படிப் பயிற்சி பெற்றவர்கள் பெரிய நகரத்தில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

பேச்சு சிகிச்சையில் பல வகை உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் வகுத்த சி.பி.டி. என்ற அறிதல்-நடத்தை சிகிச்சை முறையில், 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று தானாக எழும் எண்ணத்தை எழுதி வைத்து, அதற்குச் சாட்சி என்ன, எதிர்ச்சாட்சி என்ன என்று நோயாளியே விசாரிக்கிறார். உறவுகளை மையமாகக் கொண்ட சிகிச்சை, சாவுத் துக்கம், குடும்பச் சச்சரவு, புகுந்த வீடு போன்ற வாழ்க்கை மாற்றம் ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறது. பிராய்டின் வழிவந்த முறைகள் பழைய அனுபவங்களைத் தோண்டும். அவற்றுக்குக் காலமும் செலவும் கூடுதலாகப் பிடிக்கலாம். நம் ஊருக்கு மிகவும் பொருந்துவதாக எனக்குப் படுவது, செயலிலிருந்து தொடங்கும் முறை. சோர்ந்தவர் வெளியே போவதை, பிடித்ததைச் செய்வதை நிறுத்துகிறார். நிறுத்தியதாலேயே மேலும் சோர்கிறார். மனசு சரியாகட்டும் என்று காத்திராமல், இன்ன நாளில் இன்ன சிறிய காரியம் என்று திட்டமிட்டுச் செய்து, செய்தபின் மனநிலை எப்படி இருந்தது என்று குறித்துவரச் சொல்வார்கள்.

கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேலும் சங்காத் என்ற தொண்டு அமைப்பினரும் இந்த முறையைத்தான் சோதித்தார்கள். 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடும் மனச்சோர்வு கொண்ட 495 பேர். சிகிச்சை தந்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். ஆறு முதல் எட்டு அமர்வுகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான மருத்துவக் கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். பேச்சு சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் 64 சதவீதம். 2017இல் லான்செட் இதழ் இதை வெளியிட்டது. மேல்நாட்டுச் சரக்கு நமக்கு ஒத்துவராது என்போருக்கு இது ஒரு பதில். ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா தொடங்கிய திட்டத்தில், சுகாதார நிலைய வாசல் பெஞ்சில் அமர்ந்து பேச்சு சிகிச்சை தருபவர்கள் பாட்டிமார் என்பது இன்னொரு பதில்.

64 சதவீதம் என்றால் மீதி 36 சதவீதம் பேர் தேறவில்லை என்று நீ சொல்லலாம். உண்மைதான். அவர்களுக்கு வேறு முறையோ மாத்திரையோ தேவைப்படும். மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு போன்றவற்றில் மருந்துதான் அடிப்படை. பேச்சு அதற்குத் துணை. பேச்சை நம்பி யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. ஆனால் பேச்சு சிகிச்சைக்காக, மில்லில் ஷிப்ட் பார்க்கும் ஒரு பெண்ணால் வாராவாரம் மதுரைக்குப் போய்வர முடியாது. ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை 2021 முதல் வீடு தேடிக் கொண்டுவரும் அரசிடம், இந்தப் பயிற்சி பெற்ற ஒருவரை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அமர்த்தச் சொல்லிக் கேட்பது பேராசை அல்ல.

நாலு பேர் பார்த்துவிடுவார்களே என்ற பயம் சிற்றூரில் நிஜமானது. அதைச் சிறுமைப்படுத்த மாட்டேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை உனக்குத் தருகிறது. 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். நேரில் போனால், என்ன பயிற்சி பெற்றிருக்கிறீர்கள், எந்த முறை, எத்தனை அமர்வு, முன்னேற்றத்தை எப்படிப் பார்ப்பீர்கள் என்று முதல் நாளே கேள். பதில் சொல்லாமல் புத்திமதி சொல்லத் தொடங்கினால், வேறு ஒருவரைத் தேடு.

அன்புடன்,
சித்தி